ஞானதாசன் உருக்கிய நீலப்பாசி

மிஷன் ஆஸ்பத்திரி மருந்தறையில் ஞானதாசனுக்கு ஒரு ஸ்டூல், ஒரு மேசை, மேசைமேல் ஒரு ஊதுவிளக்கு. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, அது இளகும்போது இழுத்து, விரல் நீளக் குப்பியாக்க வேண்டும். ஊசி மருந்தை நிரப்பியபின் குப்பியின் வாயை மறுபடியும் தீயில் காட்டி மூடவேண்டும். ஒரு நாளைக்கு நூறு குப்பி. பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி. கை ஒரு நிமிஷம் அயர்ந்தால் குப்பி கோணிப்போகும், தீ கொஞ்சம் கூடினால் உள்ளே மருந்து கருகிப்போகும்.

ஆனால் ஒன்று. நாள் முழுக்கத் தீயையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் சாதாரண மனுஷனாக இருப்பானா? ஞானதாசன் பாதி நேரம் இந்த உலகத்தில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவான். சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். "எனக்க பிள்ளைய அந்த விளக்கு தின்னு முடிச்சாச்சு" என்று அவன் அம்மை எலிசா மிஷன் கோயிலுக்கு வருகிற பெண்களிடமெல்லாம் புலம்புவாள். புருஷன் போனபின் அவளுக்கு இருந்தது இந்த ஒரு பிள்ளை. அதுவும் இப்படி.

கொல்லம் ஆண்டு 1104, இங்கிலீஷ் கணக்கில் 1928. அந்த ஆவணியில் தோவாளைப் பக்கம் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். சத்தியபாய் என்று பெயர், இருபது வயது. மிஷன் போர்டிங்கில் படித்தவள், வீட்டிலிருந்து ரேந்தை, அதுதான் லேஸ், பின்னிக் கொடுப்பவள். தகப்பன் இல்லை. அம்மை பூங்கனி வயல்வேலை செய்து வளர்த்தாள். இவன் போன நேரத்தில் சத்தியபாய் ரேந்தைத் தலையணைமேல் குனிந்து நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் பட்டது அவளுடைய பின்கழுத்து மட்டும்தான். ஒரு கயிறுகூட இல்லாத கழுத்து. வரும் வழியில் எலிசா, "மொகம் எப்படி மக்களே, பிடிச்சுதா?" என்று கேட்டதற்குத் திருதிருவென்று முழித்தான். முகத்தை யார் பார்த்தார்கள். கழுத்தைச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு, அந்தக் கழுத்துக்குத் தன் கையால் ஒரு பாசிமாலை செய்ய வேண்டும். கடையில் வாங்கினால் ஆகாதா என்றால் ஆகாது. கண்ணாடி தெரிந்த கை அவனுடையது.

விஷ மருந்து வருகிற குப்பிகள் கருநீலமாக இருக்கும், யாரும் தெரியாமல் எடுத்துக் குடித்துவிடக் கூடாதே என்று. உடைந்தவற்றை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குழியில் போடுவார்கள். கேட்டு வாங்கி, கழுவி, வீட்டுக்குக் கொண்டுவந்தான். விளக்குச் சுடரை ஊதிக் கூர்மையாக்கத் துருத்தி வேண்டும். கோலப்பன் ஆசாரி நகை செய்கிறவர், பழைய துருத்தி ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து பட்டறைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, நாலடி விலகி நின்று, எடுத்துக்கொள் என்றார். கையில் கொடுத்தால் துருத்திக்குக் காய்ச்சலா வரும்? போகட்டும், துருத்தி நன்றாகவே ஊதியது.

ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் வீட்டின் பின்பக்கம் உட்காருவான். மெல்லிய இரும்புக் கம்பியில் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி உலர்த்தி வைத்திருப்பான். நீலத்துண்டைச் சுடுசாம்பலில் புதைத்து முதலில் சூடாக்கவேண்டும், இல்லாவிட்டால் தீயில் காட்டியதும் தெறித்து மூஞ்சியில் அடிக்கும். பிறகு சுடர். துண்டின் முனை தேனாக இளகித் தொங்கும். அதைக் கம்பியில் தொட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று. கம்பியை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் பாசி ஒருபக்கம் வழிந்துவிடும். சூட்டில் இருக்கும்போது நீலமும் கிடையாது, பச்சையும் கிடையாது, எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே செந்நிறம். கம்பியோடு உமிச்சாம்பலில் புதைத்துவிட்டுக் காலையில்தான் எடுக்கலாம். ஆசை பொறுக்காமல் தோண்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பாசி இரண்டாகிவிடும். முதல் வாரம் முழுக்க அந்த டிக் சத்தம்தான். அவன் ஆசை அப்படி.

அந்தச் சுடருக்குள் அவனுக்கு ஒரு ஊர் இருந்தது. சிரிக்கவேண்டாம், இருந்தது. தெருவெல்லாம் மஞ்சள் வெளிச்சம், வீடுகளுக்குக் கதவே இல்லை, காற்று அடிக்கும், ஆனால் ஒரு இலை அசையாது. அந்தத் தெருவில் சத்தியபாய் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். இவன் பின்னால் போவான். பின்கழுத்து மட்டும் தெரியும். கூப்பிடுவான், திரும்பமாட்டாள். பாசி உருண்டு உருண்டு வட்டத்துக்கு வரும்போது அவள் தலை லேசாகத் திரும்பத் தொடங்கும். காதோரம் தெரியும், கன்னம் தெரியும், அதற்குள் பாசி முடிந்துவிடும். சாம்பலில் வைக்கவேண்டும். சரி, அடுத்த பாசியில் பார்க்கலாம் என்று மறுபடி துருத்தியை மிதிப்பான். இப்படியே பத்தொன்பது பாசிகள் ஆயின. பத்தொன்பதிலும் அவள் முழுக்கத் திரும்பவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் புடவை கொண்டுபோவார்கள். எலிசா பித்தளைத் தட்டில் புடவையை விரித்து, அதன்மேல் பாசிமாலையை வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் தட்டு முழுக்க நீலம் பரவியது.

சத்தியபாயின் வீட்டில் பூங்கனி சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். எலிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை வைத்த கையோடு மாலையை எடுத்து, "எனக்க பிள்ள ராவும் பகலும் இருந்து செய்தது. இப்படிக் குனி மக்களே, வச்சுப் பாப்போம்" என்று பெண்ணின் கழுத்துப் பக்கம் கையை நீட்டினாள்.

சத்தியபாய் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். பின்னால் போய்ச் சுவரில் முட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. கண் மட்டும் தட்டிலேயே நின்றது. ஞானதாசன் அவள் முகத்தை முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். அதை எதற்குப் பார்த்தோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

பூங்கனி மாலையை எலிசாவின் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தாள். தட்டைத் தூக்கி எலிசாவிடம் கொடுத்தாள்.

"கொண்டு போங்கோ. மூணாம் ஓலை வாசிக்கண்டாம்."

"எதுக்கு? நாங்க என்ன செய்தோம்?" என்றாள் எலிசா.

பூங்கனி மகளிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். எலிசாவின் முகத்தில் ஈயாடவில்லை. பஸ் ஏறி வீடு வந்துசேர்ந்ததும் பிடித்துக்கொண்டாள். பொன் இல்லை என்று எகத்தாளம், பாசி போட்டால் அவள் கழுத்து தேய்ந்துபோகுமோ என்று ஒரு மணி நேரம். மறுநாள் கோயிலில் உபதேசியார் வேறு இரண்டு பேருடைய ஓலையை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். தலைகள் திரும்பித் திரும்பி இவர்களைப் பார்த்தன. ஞானதாசன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வேறு பக்கத்தைப் பாடினான்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான். குப்பி எல்லாம் கோணியது. நாலாம் நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகத் தோவாளைக்குப் போனான்.

கன்னிப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பூங்கனி வரப்பில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"மாமி, நான் என்ன தப்பு செய்தேன்னு சொல்லுங்கோ. சொன்னா போயிருவேன்" என்றான்.

அவள் தீட்டுவதை நிறுத்தினாள். "நெசமாவே தெரியாதா தம்பி?"

"தெரியாது."

அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சேலையை இறக்கினாள். தொண்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்த பட்டை. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்தப் பள்ளங்கள் என்ன அளவு என்று ஞானதாசனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் அந்த அளவில்தானே உருட்டியிருந்தான்.

"எனக்குக் கெட்டும்போது அஞ்சு வயசு, ஓர்மை இல்ல" என்றாள் பூங்கனி. "நாங்க பண்ணை ஆளுன்னு தூரத்துல வரும்போதே தெரியணும் இல்லியா, அதுக்காக்கும். பொன்னு போடக்கூடாது, வெள்ளி போடக்கூடாது. இந்தச் சவத்துப் பாசியத் தொண்டையோட ஒட்டிக் கெட்டுவாவ. காய்ச்சல் வந்தாலும் அவுக்கக்கூடாது, புண்ணு வந்தாலும் அவுக்கக்கூடாது. நீங்களும் நாங்களும் ஒரே ஆளுவதான். உங்க வீட்டுல முப்பாட்டன் காலத்துலயே மிஷன் தோட்டத்துக்குள்ள போயாச்சு. உங்களுக்கு மறந்துபோச்சு. எங்களுக்கு மறக்க நேரம் ஆவல்ல."

அரிவாளைக் கீழே வைத்தாள்.

"இவளுக்கு எட்டு வயசு வரைக்கும் கெட்ட விடாம அங்கயும் இங்கயும் ஒளிச்சு வச்சிருந்தேன். ஆயிரத்துத் தொண்ணூத்தொண்ணாம் ஆண்டு, கும்பப்பூ நெல்லறுப்பு நேரம். பண்ணைக் காரியஸ்தன் தட்டுல பாசியோட வந்துட்டான். இதே வயல்ல வச்சு இவளப் பின்னால நின்னு பிடிச்சுக் குனிய வச்சான். நான் அரிவாளை எனக்க கழுத்துல வச்சேன். நான் சாவப்போறேன்னு எல்லாரும் நெனச்சாவ. அவனும் கைய விட்டுட்டான். நான் நூலைத்தான் அறுத்தேன். பொறவு பக்கத்துல நின்னவ அறுத்தா, அவளுக்குப் பக்கத்துல நின்னவ அறுத்தா. கொல்லத்துப் பக்கம் பெண்ணுவ இப்படி அறுத்துப் போட்ட வர்த்தமானம் அப்பதான் காதுல விழுந்திருந்து. அந்த அறுப்புக்கு ஒருத்திக்கும் வேலை தரல்ல. பட்டினி. ஆனா அறுத்த அன்னைக்கு ராத்திரி உறங்கக் கெடந்தா தல நிக்கமாட்டேங்குது, பறந்து போவுது. அவ்வளவு லேசு."

ஞானதாசன் அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டானே ஒரு கேள்வி. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கேட்டிருக்கமாட்டார்கள். தொழில் புத்தி எங்கே போகும்.

"அது என்ன நெறம் மாமி?"

பூங்கனி யோசித்தாள். வயலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

"தெரியாதா?"

"தாடைக்குக் கீழ ஒட்டிக் கெடந்தத நான் எப்படிப் பாக்க? வீட்டுல கண்ணாடியா இருந்துது? பாக்கவன்தான் பாத்தான். நான் சொமந்தேன். அறுத்தப்ப சேத்துல விழுந்துது, மிதிச்சுட்டுப் போயிட்டோம்." அவளுக்கே அது அப்போதுதான் தோன்றியதுபோல் இருந்தது. "அவளவளுக்கு ஒரு நெறம் கெட்டியிருந்தான். எனக்கு என்ன நெறமோ."

சத்தியபாய் அம்மைக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். இவனைக் கண்டதும் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தான், போகவில்லை. கஞ்சிச் செம்பை வரப்பில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. தெரியாம செய்ததுன்னு எனக்குத் தெரியும். ஆனா தாலி கெட்டும்போது பின்னால நின்னுதான கெட்டுவாவ? பின்னால இருந்து ஒரு கை வரும்னு நெனச்சாலே எனக்கு மூச்சு முட்டுது. அத்தன பேருக்கு முன்னால நான் எழும்பி ஓடிட்டா உங்களுக்குத்தான் கொறச்சல். வேற பெண்ணு பாருங்கோ."

அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். பஸ் வந்தது, ஏற மறந்தான். அடுத்த பஸ்ஸும் போயிற்று. பூக்கூடைகளோடு நின்றவர்கள் அவனைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சத்தியபாய் பயப்படுவது தாலி கட்டப்போகும் தன் கைக்குத்தான் என்பதை அவனால் தாங்கவே முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாசிமாலையின் நூலை அறுத்தான். விளக்கை ஏற்றித் துருத்தியை மிதித்தான். ஒவ்வொரு பாசியாகச் சுடுசாம்பலில் காயவைத்து, ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒட்டிச் சுடரில் காட்டினான். அன்றைக்குக் கம்பி கிடையாது. பாசி சிவந்தது, இளகியது. நடுவில் இருந்த துளை சுருங்கிச் சுருங்கி, உறக்கம் வந்த கண்ணைப்போல மூடிக்கொண்டது. அடுத்ததை அதன்மேல் ஒட்டினான். அதன் துளையும் மூடியது.

தீக்குள் அந்த ஊர் வந்தது. அதே தெரு, அதே வெளிச்சம். சத்தியபாய் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அன்று அவன் பின்னால் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. கதவில்லாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படி தாண்டி, மறுவாசல் வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே தூரத்தில் நின்றான். இரண்டு கையையும் அவள் பார்க்கும்படி முன்னால் வைத்துக்கொண்டான். அவள் நடந்து வந்துகொண்டே இருந்தாள்.

இப்படித் திரண்ட மணியைக் கடைசியில் குச்சியிலிருந்து விட்டுத்தான் ஆகவேண்டும். துளை உள்ளதைக் கம்பி பிடித்துக்கொள்ளும், இதற்குப் பிடி இல்லை. குச்சியின் கழுத்தைச் சுடரில் காட்டிக் கிள்ளிவிட்டால் சாம்பலில் தானாக விழவேண்டும். முதலில் விழுந்தது வால் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது சாம்பலைத் தின்று கறுத்துப்போயிற்று. மூன்றாவதைத் தோண்டாமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டான். எலிசா, "இன்னும் எதுக்கு இந்தச் சனியன்?" என்று கேட்டாள். அவன் பூங்கனி சொன்னதையெல்லாம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, விளக்குப் பக்கமே வராமல் ரொம்ப நேரம் முற்றத்தில் நின்றாள். அப்புறம் வந்து, "எனக்க அம்மை இத எனக்குச் சொல்லாமலே போயிட்டாளே" என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் அந்த வரப்பு. சுண்டைக்காய் அளவில் ஒரு நீல உருண்டையைப் பூங்கனியிடம் நீட்டினான். அவள் கை பின்வாங்கியது. பிறகு வாங்கிக்கொண்டது. வழக்கமாக எல்லாரும் செய்வதுபோல அவள் துளையைத் தேடினாள். நகத்தால் தடவினாள், திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள்.

"ஓட்டை எங்க?"

"இல்ல மாமி. இதக் கோக்க முடியாது. யாரு கழுத்துலயும் கெட்ட முடியாது."

பின்னால் சத்தியபாய் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்துத் திக்கித் திணறிச் சொன்னான்: "நான் பின்னால வரமாட்டேன். முன்னால நின்னு கெட்டுதேன். நீ எனக்க கையப் பாத்துக்கிட்டே நிக்கலாம். நிறுத்துன்னு சொன்னா நிறுத்திருவேன். உபதேசியார்கிட்ட கேட்டாச்சு. முன்னால நிக்கணும் பின்னால நிக்கணும்னு வேதத்துல ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு."

உபதேசியாரிடம் போய் இதைக் கேட்ட ஒரே மாப்பிள்ளை இவனாகத்தான் இருப்பான். சத்தியபாய் அவன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சூட்டுக் காயம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த ஞாயிறு வாசிக்கச் சொல்லுங்கோ."

பூங்கனி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் மணியைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு நீலப்பொட்டு விழுந்து ஆடியது.

"எனக்க கழுத்துல கெடந்ததும் இந்த நெறமாத்தான் இருந்திருக்குமோ" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

"இல்லம்மா" என்றாள் சத்தியபாய். "அது செவப்பு. தெச்சிப்பூச் செவப்பு. நடுவுல நடுவுல ஒரு வெள்ள."

பூங்கனி மணியை இறக்கினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அதப் பிடிச்சுக்கிட்டுத்தானம்மா நான் உறங்குவேன். எட்டு வயசு வரைக்கும்." சத்தியபாய் அம்மையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு அதுமேல அவ்வளவு வெறுப்பு. எனக்கு ஓர்மை இருக்குன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அறுக்கிற பெண்களின் பேச்சு வயலின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. பூங்கனியின் கை தானாகக் கழுத்துக்குப் போய், அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நின்று நின்று நகர்ந்தது.

"செவப்பா?" என்றாள். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல, "நல்லா இருந்துதா மக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துதும்மா."

பூங்கனி வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.